குளத்துக்கரை ரோடு

ஆடி மாதம், ஞாயிறு, இரவு.

இன்று இருந்தவர்கள்: நான், மருமகள் செல்வி, மதுரையிலிருந்து சைக்கிளில் வந்த இரண்டு பெண்பிள்ளைகள், என் கொழுந்தன் பெண்டாட்டி பேச்சியம்மாள்.

குற்றாலத்தில் குளித்துவிட்டு வந்த பிள்ளைகள் இலத்தூரில் எங்கள் வாசலில் நின்று, "ஆச்சி, சூரியகாந்தி பார்க்க சுந்தரபாண்டியபுரம் போகணும். லாரி வராத ரோடு இருக்கா?" என்று கேட்டார்கள். இருக்கிறது. குளத்துக்கரையோடு போகும், மாடும் கொக்கும் தவிர எதுவும் குறுக்கே வராது. ஆனால் அது பேச்சியம்மாளின் டீக்கடை வழியாகப் போகிறது. அவள் கடைக்கு நான் ஆள் அனுப்புவதா? "பெரிய ரோட்டுலயே போங்கம்மா" என்று சொல்லிவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் இருவரும் திரும்பி வந்தார்கள், ஒருத்திக்கு முழங்கால் கிழிந்திருந்தது. கல் லாரிக்கு ஒதுங்கிச் சரிந்திருக்கிறாள். பஸ்ஸில் வந்த பேச்சியம்மாள் பார்த்து, இறங்கி, கைத்தாங்கலாகக் கூட்டி வந்தாள்.

செல்வி என்னைப் பார்த்து, "ஏன் அத்தை, குளத்துக்கரை ரோட்டைச் சொல்லலையா?" என்றாள்.

பேச்சியம்மாள் முந்திக்கொண்டாள். "அவளை ஏன் கேக்க, ஏட்டி? அக்காவுக்கு வயசாயிட்டுல்லா, மறந்திருப்பா."

எனக்கா மறதி? சொத்துப் பாகம் பிரித்த அன்று அவள் கட்டியிருந்த சேலைக்கரை கூட நினைவிருக்கிறது. அது அவளுக்கும் தெரியும். தெரிந்தேதான் சொன்னாள்.

"பரவாயில்ல ஆச்சி" என்று அந்தப் பிள்ளை என் கையைப் பிடித்தது. "ஆமா தாயி, மறந்துட்டேன்" என்றேன், தரையைப் பார்த்துக்கொண்டு.

அந்தப் பிள்ளையிடம் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டாள். மன்னிக்கவே மாட்டேன், பேச்சியம்மாளை.