உனக்குச் சொன்னது அவள் போனில் பேசியது

அன்பு மகன் ஹசிந்தோவுக்கு, குவாதலூப்பே மாதா தயவில் இங்கே நானும் உன் மனைவி யெசேனியாவும் பேத்தி மரியெலும் சுகம், கனடாக் குளிரில் நீயும் காதை மூடிக்கொண்டு சுகமாக இருக்க வேண்டும். அம்மா போனில் பேசாமல் ஏன் காகிதத்தில் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். போனில் நான் ஒருவருக்குச் சொல்வது யார் யாருக்குப் போகிறது என்று எனக்கு விளங்கவில்லை, அதனால்தான்.

மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு நம் வீட்டில் ரொட்டி வெட்டினோம். உள்ளே வைத்துச் சுட்ட விரல்நுனி அளவுக் குழந்தை பொம்மை யாருக்கு வந்தது என்று பார்த்தால் யாருக்கும் வரவில்லை, யெசேனியா மட்டும் வாயில் எதையோ அடக்கிக்கொண்டு காபி குடிக்கிறாள். எனக்குத் தெரியாதா. பொம்மை கிடைத்தவள்தானே மெழுகுத்திரித் திருநாளுக்கு எல்லோருக்கும் சோளமாவுத் தமால் அவித்துப் போட வேண்டும், அதற்குப் பயந்து ஒளித்துவிட்டாள். அவள் போன பிறகும் எனக்கு மனசு ஆறவில்லை. நீ காட்டிக் கொடுத்தபடி பொத்தானை அமுக்கி உனக்குப் பேசி அனுப்பினேன், உன் பெண்டாட்டி சரியான கள்ளிடா, அவ அவிச்சாலும் அது தமாலா, செங்கல், தொண்டையில இறங்க ஒரு குடம் தண்ணி வேணும் என்று. உன் படத்தைப் பார்த்துத்தான் அமுக்கினேன், சத்தியம்.

மறுநாள் அவள் வந்து தன் போனை மேசையில் வைத்து அமுக்கினாள். என் குரல் செங்கல் என்கிறது. பெற்றவளைக் காட்டிக் கொடுத்தவன் என்று உன்னை வாயில் வந்தபடி திட்டினேன். அவரைத் திட்டாதீங்க அத்தை, எங்க ரெண்டு போனுக்கும் ஒரே கணக்கு, அவருக்கு வர்றது எனக்கும் வரும் என்கிறாள். புருஷன் பெண்டாட்டிக்கு எதற்கு ரெண்டு பாஸ்வேர்டு என்று நீதான் அப்படிப் போட்டுக் கொடுத்தாயாமே. வீடு ஒன்று, கட்டில் ஒன்று, அதற்காகக் காதும் ஒன்றாகுமா? இடமில்லை என்று நீ அங்கே படங்களை அழித்ததில் மரியெல் கோவிலில் புதுநன்மை வாங்கிய படமெல்லாம் இங்கே அவள் போனிலும் போய்விட்டதாம். நான் ஐந்தாம் வகுப்பு படித்தவள்தான், ஆனாலும் தபால்காரர் ஒரே கடிதத்தை இரண்டு வீட்டில் போட்டு நான் கண்டதில்லை.

இனி இவள் படியேற மாட்டாள், பேத்தியையும் கண்ணில் காட்ட மாட்டாள் என்று நான் பயந்துகொண்டிருக்கும்போது அவள் இன்னொன்றை அமுக்கினாள். மரியெலுக்குக் காய்ச்சல் கண்டபோது நான் உனக்குப் பேசியது. உன் பெண்டாட்டி ராத்திரி முழுக்கக் கண்ணே மூடலடா, இவ கிடைச்சது உன் அதிர்ஷ்டம் என்று. அதையும் அன்றைக்கே கேட்டிருக்கிறாள். இதை ஒருநாள் என் முகத்தப் பாத்துச் சொன்னீங்களா அத்தை, திட்டும் முதுகுக்குப் பின்னால, பாராட்டும் முதுகுக்குப் பின்னாலதானா என்று கேட்டாள். பிறகு, பொம்மை எங்கிட்டதான் இருக்கு, திருநாளுக்கு முந்தின சனிக்கிழமை மாவு பிசைய வர்றேன், பன்றிக்கொழுப்பு மட்டும் வாங்கி வையுங்க, செங்கல் இளகட்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள். அழுதாளா சிரித்தாளா என்றே எனக்குத் தெரியவில்லை.

கணக்கைப் பிரித்துவிடு மகனே. பிரித்தால் என் நல்ல வார்த்தை அவளுக்கு எப்படிப் போய்ச் சேரும் என்றும் குழப்பமாக இருக்கிறது. முதலில் மன்னிப்புக் கேட்பதா, அந்த நல்ல வார்த்தையைச் சொல்வதா என்று உன்னைக் கேட்கத்தான் எழுத உட்கார்ந்தேன். இது உன் கைக்கு வருவதற்குள் சனிக்கிழமை வந்துவிடும். அவள் எதிரே உட்கார்ந்து நானே சொல்லிக்கொள்கிறேன்.

கடவுள் உன் கைகளுக்குப் பலம் தரட்டும், மாதா உன் தலைமேல் நிழலாக இருக்கட்டும். வேலை முடிந்து தக்காளிச் செடிக் கொட்டகையிலிருந்து வியர்வையோடு குளிரில் வெளியே வராதே. பதிலைக் காகிதத்திலேயே எழுது.

உன்னைப் பெற்ற
எடெல்மீரா