ஒயரில் மாட்டிய குரல்

ஜூன் 9, திங்கள்

வெயில். காலை எட்டு மணிக்கே மாடிச் சுவர் கொதிக்கிறது. வேலைகள்: கழுத்துத் துளைக்குத் துணி மாற்ற, மாத்திரை வாங்க, சிம்மக்கல் போய் கூரியர் ஆபீசில் பார்சல் எடுக்க.

கூரியர் ஆபீசில் தொண்டையைக் காட்டி, பேச்சு வராது என்று சைகை செய்தேன். உடனே அந்தப் பெண் கத்த ஆரம்பித்துவிட்டாள். "சார்! பேரு! இதுல எழுதுங்க!" காது நன்றாகக் கேட்கும் என்று எத்தனை பேருக்கு எழுதிக் காட்டுவது? குரல்வளையை எடுத்து ஐந்து மாதம். ஐந்து மாதமாக ஊரே என்னிடம் கத்துகிறது.

பார்சல், என் மனைவி ரூபியின் தம்பி டேவிட் பெங்களூரிலிருந்து அனுப்பியது. பரவைக்கு வீடு திரும்பும் பஸ்ஸில் மடியிலேயே வைத்திருந்தேன். பிரித்தால் லேப்டாப் போலத்தான் இருக்கிறது. ரூபி அவனைப் போனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"லேப்டாப் இல்ல மச்சான். வெறும் ஸ்கிரீனும் கீபோர்டுந்தான். உள்ள ஒண்ணும் கெடையாது. உங்க போன ஒயர்ல மாட்டுனாத்தான் உசுரு வரும்."

போனில் எழுத்தை அடித்தால் அது வாசிக்கும். முன்பே தெரியும். ஆனால் என் விரலுக்கு, ஒன்றைத் தொட்டால் மூன்று எழுத்து விழும். இதில் விழவில்லை. முதலில் அடித்தது: ரூபி, ஒரு காப்பி.

பெண் குரல்!

"ஏங்க, பொம்பள கொரல்ல கூப்பிடுறீங்க!" ரூபி சிரித்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு முதல் சிரிப்பு. காப்பி வர ரொம்ப நேரம் ஆனது. வரும்போது முகம் கழுவியிருந்தாள்.

குரலை மாற்றிவிட்டேன். இப்போது ஆண். ஒரு நாளும் ஜலதோஷம்கூடப் பிடிக்காதவன் குரல்.

ஜூன் 11, புதன்

காற்று. தூசி. கீபோர்டைத் துண்டு போட்டு மூடி வைத்தேன்.

நாள் முழுக்கப் பயிற்சி. இருபத்திரண்டு வருடத் தமிழாசிரியன், 'ஞ' எங்கே இருக்கிறது என்று தேடுகிறேன்.

திருமங்கலத்தில் ரூபியின் சித்தி மகள் கல்யாணம். ரூபி பேசப் பேச நான் அடித்துக்கொண்டிருந்தேன். "நீங்க வரமாட்டீங்கன்னு தெரியும். நாலு பேரு கழுத்தையே பாப்பாங்க. சரி விடுங்க, நான் மட்டும் போறேன்." எழுந்து போய்விட்டாள். நான் அடித்தது: நானும் வருகிறேன். பொத்தானை அழுத்தும்போது உள்ளே மிக்சி ஓடிக்கொண்டிருந்தது.

மறுபடி அழுத்தவில்லை.

ஜூன் 13, வெள்ளி

பள்ளிக்கூடம். மருத்துவ விடுப்பு இந்த வாரத்தோடு முடிகிறது. தலைமையாசிரியர் மேஜையில் திரையை விரித்து, போனை மாட்டிக் காட்டினேன். என்னைவிட இளையவர், ஒரு காலத்தில் பக்கத்து வகுப்பு ஆசிரியர். எழுதி வைத்திருந்ததைப் போன் வாசித்தது: எனக்கு வகுப்பு வேண்டும். ஒன்பது பி மட்டும் போதும்.

திரையைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். "ஒரு வாரம் பாப்போம் சார். மேல நான் சொல்லிக்கிறேன்."

வீட்டுக்கு வந்ததும் நாற்பது நிமிடப் பாடத்தை முழுவதும் அடித்தேன். நடுவில் ஒரு நகைச்சுவைகூட.

ஜூன் 16, திங்கள்

மறக்காமல் எழுத வேண்டும்.

ஒன்பது பி. மேஜையில் திரை, பக்கத்தில் போன், சின்ன ஸ்பீக்கர். "காலை வணக்கம் மாணவர்களே" என்று போன் சொன்னதும் சிரிப்பு. பிறகு அமைதி. பத்து நிமிடம் நன்றாகவே போனது. நகைச்சுவைக்கு யாரும் சிரிக்கவில்லை. எங்கே நிறுத்த வேண்டும் என்று போனுக்குத் தெரியவில்லை.

மூன்றாம் பெஞ்சில் ஒரு பெண் எழுந்து சந்தேகம் கேட்டாள். நல்ல கேள்வி. பழைய நாளாக இருந்தால் அதை வைத்தே மீதி நேரத்தை ஓட்டியிருப்பேன். குனிந்து அடிக்க ஆரம்பித்தேன். ஒரு வரி. தப்பு. அழித்தேன். மறுபடி. பின்னால் சலசலப்பு. 'அமைதி' என்று அடிக்க வேண்டுமானால் பதிலை நிறுத்த வேண்டும். நிமிர்ந்தபோது அவள் உட்கார்ந்து பக்கத்துப் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தாள். பொத்தானை அழுத்தினேன். பாதியில் போன் மணி. வாசிப்பு நின்றது. திரை முழுக்க ரூபி பெயர், ரூபி படம். வகுப்பே சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை. பிள்ளைகள்தானே.

ரூபி கேட்க நினைத்தது: "சாப்ட்டீங்களா?"

ஜூன் 19, வியாழன்

வானம் மூடியிருந்தது. மழை இல்லை.

தலைமையாசிரியர் கூப்பிட்டார். இரண்டு பெற்றோர் வந்து போனார்களாம். "எம்புள்ளைக்குப் போனுதான் பாடம் நடத்துமா? அதுக்கு வீட்டுலயே இருக்கலாமே" என்று கேட்டார்களாம். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஆபீஸ்ல புள்ளைங்க விவரத்த வெப்சைட்டுல ஏத்துற வேலை அம்புட்டுக் கெடக்கு சார். உங்ககிட்டதான் ஸ்கிரீன், கீபோர்டு எல்லாம் இருக்கே. ஒங்கள மாதிரி வேகமா அடிக்க இங்க ஆள் ஏது?"

வேகமாக!

அடித்தேன். இன்னும் ஒரு வாரம் கொடுங்கள், நான் கரும்பலகையில் எழுதியே... அதற்குள் யாரோ கதவைத் தட்டினார்கள். "இருங்க, வாரேன்" என்று போனவர் வரவில்லை. பாதி வாக்கியத்தோடு கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு ஒயரைக் கழற்றினேன்.

ஜூன் 20, வெள்ளி

ஆபீஸ் அறை. ஜன்னலோரம் இடம். பெயர், தகப்பன் பெயர், பிறந்த தேதி, ரத்த வகை. ஆறு ஏ முடிந்தது, ஆறு பி பாதி.

கிளார்க் அம்மா டீ கொண்டுவந்து வைத்தார். நல்ல மனது. "இப்ப நிம்மதி சார். தொண்டைக்கு வேலையே இல்ல." தலையாட்டினேன்.

ஒன்பது பி-க்குப் புது டீச்சர். கணீரென்ற குரல். இங்கே வரைக்கும் கேட்கிறது.

வீடு. ரூபி முதுகைக் காட்டியபடி தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். "கிளாஸ் எப்பிடிங்க போச்சு?" நேற்று நடந்ததை இன்னும் சொல்லவில்லை. மேஜையில் திரையை விரித்து, மாட்டி, அடித்தேன்: நன்றாக இருந்தது. பிள்ளைகள் பழகிவிட்டார்கள்.

தடுமாறாமல் சொன்னது அது. என் குரலாக இருந்திருந்தால் அவள் திரும்பிப் பார்த்திருப்பாள்.

"நான்தான் சொன்னேன்ல" என்று அடுத்த தோசையை ஊற்றினாள்.