பென்சில் கோடுகள்

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். வீட்டில் எல்லாரும் நலமென்று நம்புகிறேன். எட்டு மாதம் பேசாமலிருந்துவிட்டு எழுதுகிறேன். கிழித்துப் போடாமல் படியுங்கள்.

இங்கே எல்லாம் வழக்கம்போல. கல்லூரியில் செய்முறைத் தேர்வுகள் முடிந்தன. குளியலறைக் குழாய் ஒழுகுகிறது. உங்கள் தம்பி உயிரோடு இருந்திருந்தால் கயிறு சுற்றியே ஒரு வருடம் ஓட்டியிருப்பார். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். ருசிதான் தெரிவதில்லை. அவருடைய அடக்கத்தன்று, இவளுக்குக் கண்ணில் ஒரு சொட்டு வரலியே என்றீர்கள். இன்னும் வரவில்லை.

ஈஸ்டர் அன்று விடியற்காலை ஆலயத்துக்குப் போனேன். சிரிக்காதீர்கள், அவரிடமிருந்த ஆலய பீரோ சாவியைத் திருப்பிக் கொடுக்கத்தான். கொடுத்துவிட்டுக் கிளம்புமுன் ஆராதனை தொடங்கிவிட்டது. கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். உயிர்த்தெழுந்த பகுதியை வாசிக்கப் போதகர் தாளைப் பார்த்துப் பெயர் சொல்லி அழைத்தார். உங்கள் தம்பியின் பெயர்.

இருபது வருடமாக அது அவருடைய வாசிப்பு. போன வருஷத்துத் தாளிலே தேதியை மட்டும் மாத்தினேம்மா, பேரைப் பார்க்கவே இல்லை, என்னைச் செருப்பால அடிங்க என்று உபதேசியார் பிறகு கையைப் பிசைந்தார். போதகர் பெயரை அழைத்தபோது யாரும் அசையவில்லை. நான் எழுந்து வாசிக்கப் போனேன். ஏனென்று தெரியவில்லை.

ஆலய வேதாகமத்தின் அந்தப் பக்கம் முழுக்கப் பென்சில் கோடுகள். திக்காமல் வாசிக்க எங்கே மூச்சு விடவேண்டுமென்று அவர் போட்டவை. சிறுவயதில் நீங்கள் கற்றுக்கொடுத்த வழி என்பார். கோடு வந்த இடத்திலெல்லாம் நின்று வாசித்தேன். அதில் கல்லறைக்கு வந்த அந்தப் பெண் அதிசயம் எதையும் எதிர்பார்க்கவில்லை, அண்ணி. உடலை எங்கே வைத்தீர் என்றுதான் கேட்கிறாள். எதிரே நிற்பவரைத் தோட்டக்காரர் என்று நினைக்கிறாள். அவளை எனக்குப் புரிந்தது. உயிர்த்தெழுந்தவர் அவளைப் பெயர் சொல்லி அழைக்குமுன் இரட்டைக் கோடு இருந்தது. அங்கே நெடுநேரம் நின்றேன்.

வீட்டுக்கு வந்து காபி குடித்தேன். நாக்கு சுட்டது. சுட்டது தெரிந்தது.

கல்லறைக் கல் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது. உயிர்த்தெழுவார் என்று பொறிக்கச் சொன்னீர்கள். நம்பாததைக் கல்லில் எழுதமாட்டேன் என்றேன். இப்போதும் நம்புகிறேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் கல் அவருடையது, அவர் நம்பினார். கல் கொத்துபவர் சனிக்கிழமை வருகிறார். எங்கே நிறுத்தி எழுதவேண்டுமென்று உங்களுக்குத்தான் தெரியும்.

உங்கள் பெயரைச் சொல்லித்தான் அவர் தினமும் ஜெபத்தைத் தொடங்குவார். எனக்கு ஜெபிக்கத் தெரியாது. அறையைத் துடைத்து, மெத்தையை வெயிலில் போட்டு வைத்திருக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வாருங்கள், அண்ணி.

இப்படிக்கு,
உங்கள் தம்பியின் மனைவி