மூன்று மலைகளும் பொட்டு வைத்த டிஸ்க்குகளும்

17-12-2025, புதன்

நேற்று மார்கழி பிறந்தது. இன்றைக்கே கடையில் ஈ ஓட்டுகிறோம். தங்கராஜ் அண்ணன் கேமராக்களைத் துடைத்து உறையில் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"தமிழு, அந்த ஓஎஸ் வேலைய இப்பவே முடிச்சிடு. தை பொறந்தா முகூர்த்தம் வரிசையா நிக்குது. அப்பறம் ஆடிக்குத்தான் கை வெக்க முடியும்."

ஸ்டுடியோ அவருடையது. பின்னால் ஏசி போட்ட அறையில் இருக்கும் மூன்று சர்வர்கள் என் பொறுப்பு. செஞ்சியிலும் சுற்றுப்பட்டிலும் உள்ள ஸ்டுடியோக்காரர்கள் எல்லாரும் தங்கள் படங்களை இங்கேதான் வைத்திருக்கிறார்கள். இவற்றை அமைத்துக் கொடுத்த சுந்தரமூர்த்தி கோட்டை மலைகளின் பெயரையே வைத்துவிட்டுப் போனார். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி. ஒரு படம் உள்ளே வந்தால் துண்டு துண்டாக வெட்டப்படும். ஒவ்வொரு துண்டும் இரண்டு மலைகளில் இருக்கும். ஒரு மலை விழுந்தால் இன்னொன்று தரும்.

அவற்றை இயக்கும் ஓஎஸ் மென்பொருள் பழையது. அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது எப்போதோ நின்றுவிட்டது. போன மாதம் பக்கத்து ஊர் ஸ்டுடியோ ஒன்றில் எவனோ இன்டர்நெட் வழியாகப் புகுந்து எல்லாப் படங்களையும் பூட்டிவிட்டான். அதிலிருந்து அண்ணனுக்குத் தூக்கம் போய்விட்டது.

குடியிருக்கும் வீட்டில் ஆளை வெளியேற்றாமல் கூரை மாற்றும் வேலை இது. படித்துக்கொண்டே இருக்கிறேன். படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடுகிறது.

22-12-2025, திங்கள்

ராஜகிரியில் ஆரம்பித்தேன். ஒவ்வொரு சர்வரிலும் ஐந்து டிஸ்க். எல்லாம் ஒரே அளவு, ஒரே கம்பெனி. ஒன்றில் ஓஎஸ், மற்ற நான்கில் படங்கள். எது எது என்று சுந்தரமூர்த்தி முகப்பில் ஒட்டியிருக்கிறார்: "மேலே உள்ளது சிஸ்டம். மற்றதைத் தொடாதே."

மேலே உள்ளதை அழித்துப் புதிய ஓஎஸ் போட்டேன். அழகாக எழுந்து நின்றது. நைனாவுக்குப் போன் போட்டுப் பெருமை அடித்துக்கொண்டேன். "சாப்டியா?" என்று கேட்டார்.

சாப்பிட்டுவிட்டு வந்து பட டிஸ்க்குகளை ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். மூன்று வந்தன. நான்காவதைத் திறந்தால் உள்ளே படமே இல்லை. பழைய ஓஎஸ் இருக்கிறது!

நான் அழித்த ஓஎஸ் எப்படி இங்கே இருக்கும்? இது இங்கே இருக்கிறது என்றால் — நான் அழித்தது எதை?

23-12-2025, செவ்வாய்

படங்களைத்தான் அழித்திருக்கிறேன்.

ஏன் என்றுதான் புரியவில்லை. அந்த டிஸ்க் எப்படி மேலே வந்தது? மஸ்கட்டில் இருக்கும் சுந்தரமூர்த்திக்கு மெசேஜ் அனுப்பிக் கேட்டேன். குரல் பதிவு வந்தது: "நான் வெச்சது வெச்ச எடத்துலதான் இருக்கும். நீ எதையோ மாத்திட்ட." நானா? நான் ஸ்க்ரூ டிரைவரையே தொடவில்லையே. அண்ணனிடம் யாராவது கழற்றினார்களா என்று கேட்டேன். "நாங்க எதுக்குமா கழட்டப் போறோம்?" என்றார்.

அழிந்ததன் இன்னொரு பிரதி மற்ற இரண்டு மலைகளில் இருக்கிறது. அங்கிருந்து ராஜகிரிக்கு மறுபடி நிரம்பத் தொடங்கியிருக்கிறது. மெதுவாக. அதுவரை அவற்றுக்கு ஒரே ஒரு பிரதிதான். இதை அண்ணனிடம் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்ல வேண்டும்.

24-12-2025, புதன்

கண்டுபிடித்துவிட்டேன். சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா?

நாங்கள் ஸ்டுடியோ. எதையும் படம் எடுக்காமல் விடமாட்டோம். அண்ணனுடைய போனில் ஆயுத பூஜை ஆல்பம் கிடந்தது. அன்று நான் லீவு, தளவானூரில் சித்தி வீட்டில் இருந்தேன். படத்தில் கேமராக்கள், விளக்குகள், டிரோன், பொரி, பூசணிக்காய். நடுவில் மூன்று வாழை இலை. இலைக்கு ஐந்து டிஸ்க். ஒவ்வொன்றிலும் சந்தனம், குங்குமம்.

போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"இதுவா? இது பூஜைக்கு எடுத்தது. நீ கழட்டுனீங்களான்னு இல்ல கேட்ட?"

"அண்ணே, மிஷின் மேல ஒரு பொட்டு வெச்சா போதாதா?"

"மேல வெச்சா அது டப்பாவுக்குப் போவும். உள்ள இருக்கறதுதான ஆயுதம்? ஒரு மிஷினுக்கு ஒரு இலை, ஒண்ணோட ஒண்ணு கலக்கல. ஒண்ணுகூட தொலையல. எல்லாம் திருப்பி வெச்சிட்டமே, ஓடுச்சே!"

ஓடத்தான் ஓடியது. டிஸ்க்கை அதன் உள்ளே எழுதியிருக்கும் பெயரால்தான் சர்வர் அறியும், எந்தத் தட்டில் இருக்கிறது என்பது அதற்கு வேண்டியதில்லை. அதனால் இத்தனை நாள் யாருக்கும் தெரியவில்லை. தட்டைப் பார்த்து நம்பியவள் நான் ஒருத்திதான்.

அவர்மேல் கோபப்பட முடியவில்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

26-12-2025, வெள்ளி

பாரதி என்று ஒரு பெண் வந்தாள். இடுப்பில் குழந்தை. மூன்று வருடத்துக்கு முன் பனமலைக் கோயிலில் நடந்த கல்யாணம், நம் கடைதான் வீடியோ எடுத்தது. கணவன் ரங்கநாதன் போன வருடம் பைக் விபத்தில் போய்விட்டான். அவன் ஊர்த்தெரு. இவள் காலனி. இப்போது அவன் வீட்டார் அப்படி ஒரு கல்யாணமே நடக்கவில்லை என்கிறார்கள். தான் மனைவிதான் என்று கோர்ட்டில் வழக்குப் போட்டிருக்கிறாள். சாட்சியாக நின்ற நண்பர்கள் ஒவ்வொருவராக ஊருக்குப் பயந்து நழுவிவிட்டார்கள். அவளிடம் இருந்த பென் டிரைவ் திறக்கவில்லையாம்.

"ஒங்ககிட்ட ஒரிஜினல் இருக்கும்னு வக்கீலம்மா சொன்னாங்க. இருக்குதில்லக்கா?"

இருக்குது என்றேன். பிறகு அறைக்குள் போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். நானும் காலனிதான், வேறு ஊர்க் காலனி. அவள் எதையெல்லாம் சொல்லாமல் விட்டாள் என்று எனக்குத் தெரியும்.

நிரம்பும் வேலைக்கு நடுவில் வேறு எதையும் கேட்கப் பயம். ராஜகிரி நிரம்பட்டும், எடுத்துத் தருகிறேன். சாமி, ஒன்றும் ஆகக்கூடாது.

29-12-2025, திங்கள்

ஆகிவிட்டது. சந்திரகிரியில் ஒரு டிஸ்க் கரகரவென்று சத்தம் போட்டு நின்றுவிட்டது. ராஜகிரியை நிரப்ப நாள் முழுக்க வாரி வாரிக் கொடுத்த டிஸ்க். பழசு, தாங்கவில்லை.

எந்தத் துண்டுகளின் ஒரு பிரதி நான் அழித்ததிலும் இன்னொன்று இதிலும் இருந்ததோ, அவை இப்போது எங்குமே இல்லை. அந்த வகையில் திறக்காத படங்களைத் தேடிப் பார்த்தேன். நிறைய. பாரதி கல்யாணமும் அதில் இருக்கிறது.

இன்னா பண்ணுவேன் நான்? நைனா பேச்சைக் கேட்டு டீச்சர் டிரெய்னிங் போயிருக்கலாம். பிள்ளைங்களோட கத்திட்டு நிம்மதியா இருந்திருக்கலாம்.

30-12-2025, செவ்வாய்

நடந்தது எல்லாவற்றையும் இருவரிடமும் சொல்லிவிட்டேன். சுந்தரமூர்த்தி: "அது போயிடுச்சு. விட்டுட்டு மத்ததப் பாரு." அண்ணன்: "மீதி ரெண்டயும் மாத்திடு, தை வந்துடும்." இரண்டு பேரும் எவ்வளவு தெளிவாகப் பேசுகிறார்கள்! எனக்கு மட்டும் ஏன் எதுவும் தெளிவாக இல்லை?

முடியாது என்றேன். இவ்வளவு சத்தமாக அண்ணனிடம் பேசியதில்லை. "இனிமே ஒண்ணையும் தொட மாட்டேன், அந்தப் பொண்ணு படம் வர்ற வரைக்கும்." அவர் ஆள் அனுப்பி டீ வாங்கி வரச் சொன்னார். டீ எனக்குத்தான்.

02-01-2026, வெள்ளி

புது வருடம் வந்ததே தெரியவில்லை. இதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

அந்த டிஸ்க் செத்ததா, களைத்ததா? எல்லாத் துண்டையும் ஒரே நேரத்தில் கேட்டதால்தானே நின்றது. வேறெங்கும் இல்லாத துண்டுகளை மட்டும் கேட்டால்? அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக, நடுவில் ஆறவிட்டு?

சரியா தப்பா தெரியவில்லை. தப்பாக இருந்தால் இருக்கிற உயிரும் போய்விடும். கேட்கவும் ஆள் இல்லை.

05-01-2026, திங்கள்

டிஸ்க்கை மாட்டினேன். சுற்றியது. கொஞ்சம் தந்தது. சத்தம் வந்ததும் நிறுத்தி, கழற்றி, ஏசிக்கு நேரே வைத்துவிட்டு வெளியே வந்து உட்கார்ந்தேன். நாள் முழுக்க இதேதான். பிரசவ வார்டு வாசலில் நிற்பவளைப் போல இருக்கிறேன் என்று அண்ணன் கிண்டல் செய்தார். ஆனால் அவரும் பஜாருக்குப் போகவில்லை.

06-01-2026, செவ்வாய்

தருகிறது.

08-01-2026, வியாழன்

பாரதி படம் திறந்தது. பார்த்தேன். குட்டிக் கோயில், ஏரிக்காற்று, பத்துப் பேர்கூட இல்லை. அவன் தாலி கட்டிவிட்டு நேராகக் கேமராவைப் பார்த்து, "மூணு முடிச்சும் போட்டாச்சு, சரியா எடுத்தியா?" என்று சிரிக்கிறான். அவள் அவன் கையைக் கிள்ளுகிறாள். நான் அழுதேன்.

உடனே தனியாக இரண்டு பிரதி எடுத்துவைத்தேன்.

அதற்குப் பிறகு டிஸ்க் நிஜமாகவே நின்றுவிட்டது. வளத்தியில் ஒரு குழந்தையின் காதுகுத்துப் படம் மட்டும் மீளவில்லை. சில துண்டுகள் வந்தும் சர்வர் ஏற்கவில்லை. அண்ணனே பழம் வாங்கிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அவர்கள் திட்டினார்களா என்று கேட்டேன். கேமரா துடைக்கப் போய்விட்டார்.

12-01-2026, திங்கள்

ராஜகிரி நிரம்பி, சந்திரகிரியில் செத்ததற்குப் பதில் புது டிஸ்க்கும் போட்டபின், கிருஷ்ணகிரி, சந்திரகிரி இரண்டும் முடிந்தன. இந்த முறை ஒட்டிய காகிதத்தை நம்பவில்லை. ஒவ்வொரு டிஸ்க்கையும் உள்ளே திறந்து பார்த்து, ஓஎஸ் டிஸ்க் எது என்று தெரிந்த பிறகு மற்றவற்றைத் தட்டிலிருந்து பாதி இழுத்துவைத்துவிட்டுத்தான் அழித்தேன். இழுத்து வைத்தவற்றில் குங்குமம் இன்னும் ஒட்டியிருந்தது.

15-01-2026, வியாழன்

பொங்கல். மூன்று மலைகளும் பச்சை விளக்கு.

21-01-2026, புதன்

முடிந்தது என்று நினைத்தேன். பாரதியின் வக்கீல் ரஞ்சனி மேடம் ஒரு சான்றிதழோடு வந்தார். வீடியோவைக் கோர்ட் ஏற்க வேண்டுமானால், அதை வைத்திருந்த கம்ப்யூட்டருக்குப் பொறுப்பானவர் கையெழுத்துப் போட வேண்டுமாம். அதாவது நான். அதில் ஒரு வரி: இந்தக் காலம் முழுவதும் கம்ப்யூட்டர் ஒழுங்காக இயங்கியது. இயங்காமல் போயிருந்தால், அது இந்தப் பதிவைப் பாதிக்கவில்லை.

"போட்டுட்டு வாயேன், யாரு வந்து பாக்கப் போறான்?" என்றார் அண்ணன்.

ஒழுங்காக இயங்கியது என்று எழுதினால் பொய். நடந்ததை எழுதினால் எதிர் வக்கீல் அதையே பிடித்துக்கொள்வார். அவளுக்கு உதவுவது எது? எனக்கே தெரியவில்லை, மேடத்திடமே கேட்டுவிட்டேன்.

"நடந்தத எழுதுங்க. கேட்டா பதில் சொல்ல முடியுமா?" என்றார்.

முடியுமா? எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

28-01-2026, புதன்

கோர்ட்டுக்குப் போனேன். எதிர்ப் பக்கத்தில் ரங்கநாதனின் அம்மா, அம்மாக்கண்ணு என்று பெயர் கூப்பிட்டார்கள். ஒல்லியான அம்மா, புடவைத் தலைப்பை வாயில் வைத்தபடி இருந்தார்.

அவர்களுடைய வக்கீல் எழுந்தார். "மிஷின் கெட்டுப் போச்சுன்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க. பாதி அழிஞ்சுது, பாதி ஒட்டுனது. இதை எப்படிம்மா நம்பறது?"

ஒரு மாதமாகக் குழம்பிக் கிடந்தவள் நான். ஆனால் இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்திருந்தது. அதுவே எனக்கு ஆச்சரியம்.

"ஒவ்வொரு துண்டும் உள்ள வரும்போதே அதுக்குள்ள இருக்கறத வெச்சு ஒரு எண் கணக்குப் போட்டு வேற எடத்துல வெச்சிடும் சார். திருப்பி எடுக்கும்போது மறுபடி கணக்குப் போட்டு அந்த எண்ணோட ஒத்துப் பாக்கும். ஒரு புள்ளி மாறியிருந்தாலும் தராது. அதே டிஸ்க்குல இருந்த ஒரு காதுகுத்துப் படத்த எங்களுக்கே தரல. இதத் தந்துச்சு."

பிறகு படத்தைப் போட்டார்கள். "மூணு முடிச்சும் போட்டாச்சு" என்று அவன் குரல் கேட்டதும் அம்மாக்கண்ணு சட்டென்று எழுந்துவிட்டார். பக்கத்தில் இருந்தவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

பாரதி திரையைப் பார்க்கவே இல்லை. அந்த அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தீர்ப்பு இன்றைக்கு இல்லை. வாய்தா.

03-02-2026, செவ்வாய்

காலையில் கடை திறந்ததும் அம்மாக்கண்ணு வந்தார். தனியாக. சண்டைக்கு வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

"அந்தப் படம் எனக்கு ஒண்ணு போட்டுத் தரியாமா? அவன் பேசறது எங்கயும் இல்ல. போனு அன்னிக்கே நசுங்கிப் போச்சு."

எனக்கு மறுபடி தலை சுற்றியது. கோர்ட்டில் கல்யாணமே இல்லை என்று சொன்னவருக்கே எப்படித் தருவது? இவ்வளவையும் இவருக்காகவா காப்பாற்றினேன்? பாரதிக்குப் போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னேன். குழந்தை சிணுங்குவது மட்டும் கேட்டது. அப்புறம், "குடுத்துடுக்கா" என்றாள்.

பென் டிரைவில் ஏற்றினேன். கல்யாண வீடியோ என்றால் டப்பாவின் மேல் பெயர் அச்சடித்துத்தான் தருவோம், கடை வழக்கம். இதற்கு என்ன அடிப்பது என்று தெரியாமல் நின்றேன். வெறுமனே கொடுத்துவிடலாமா?

"பேரு இன்னாம்மா போடறது?" என்று கேட்டே விட்டேன்.

அவர் கண்ணாடிப் பெட்டியில் இருந்த மற்ற டப்பாக்களைப் பார்த்தார்.

"எல்லாருக்கும் எப்பிடிப் போடுவீங்களோ, அப்பிடியே போடு."

ரங்கநாதன் – பாரதி என்று அச்சடித்துக் கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு என் பக்கம் நீட்டினார்.

"எனக்குப் படிக்கத் தெரியாது. இதுல அவ பேரு எதுமா?"

காட்டினேன்.