ஓடாத கிலோமீட்டர்

அம்பத்தூர்,
9 ஜூன் 2025

அன்புள்ள தேவிப்பிரியா,

சுகமாக இருக்கிறாயா? இங்கே நான், பட்டறை, வெயில் மூன்றுமே சுகம். அக்னி நட்சத்திரம் முடிந்துவிட்டது என்று காலண்டர்தான் சொல்கிறது.

போனில் பேசினால் நாம் இருவரும் ஒருவர் பேச்சை ஒருவர் பாதியில் வெட்டுவோம். பாலிடெக்னிக்கில் வந்த பழக்கம், இனிமேல் போகாது. இன்றைக்கு நான் சொல்வதை நீ கடைசிவரை கேட்டாக வேண்டும். அதனால்தான் மெயிலில் கடிதமாகவே எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை திருமுல்லைவாயில் போய் உன் அம்மாவைப் பார்த்தேன். மோர்க்குழம்பு ஊற்றிச் சோறு போட்டுவிட்டு, கூடவே ஒரு புகாரும் பரிமாறினார்கள். "வீடியோல மூஞ்சியக் காட்டிட்டு உடனே கட் பண்ணிடுறா. அவ இன்னா சாப்புட்டான்னு கூடக் கேக்க முடியல." தூதுவர் வேலை முடிந்தது. இனி என் விஷயம்.

பூந்தமல்லியில் பரந்தாமன் என்று ஒருவர். அவர் குடும்பத்து நெல்வயல் முழுக்க இப்போது கார் ஷெட். கம்பெனி ஊழியர்களை ஏற்றி இறக்க முப்பது எலெக்ட்ரிக் கார் வைத்திருக்கிறார். எல்லாவற்றிலும் பேட்டரி தளர்ந்துவிட்டது. வாரண்டியும் முடிந்தது. கார் கம்பெனியில் புது பேட்டரிக்கு விலை கேட்டுவிட்டு, அந்தக் காகிதத்தோடு நேரே நம் பட்டறைக்கு வந்தார்.

"இன்னாம்மா இது? பேட்டரிக்கு அவங்க சொல்ற வெலையில செகண்ட் ஹேண்ட்ல ஒரு காரே வாங்கிடலாம் போல கீது. பாடி நல்லா கீது, மோட்டார் நல்லா கீது. பேட்டரிக்காவ வண்டியத் தூக்கிப் போடச் சொல்றியா?"

வேண்டாம், நான் செய்து தருகிறேன் என்றேன். அவர் ஒரு விலை சொன்னார். அதற்கு மேல் போனால் எல்லாவற்றையும் விற்றுவிட்டு டீசலுக்கே திரும்பிவிடுவாராம். கார் கம்பெனி சொன்னதில் பாதியைக் கொஞ்சம் தாண்டுகிறது, அவ்வளவுதான். நான் தைரியமாகத் தலையாட்டிவிட்டேன்.

உனக்குத் தெரியாததா? பெட்டி, ஒயர், கண்ட்ரோல் போர்டு, கூலி எல்லாவற்றையும் எவ்வளவு பிழிந்தாலும் சொட்டுதான் மிஞ்சும். விலையில் பெரும்பங்கு பேட்டரிக்குள் அடுக்குகிற செல்தான். செல் விலை விழுகிறது, விழுகிறது என்று தினமும் செய்தி வருகிறது. உலகத்துக்கு விழுகிறது. கப்பலேறி, வரி கட்டி, என்னைப் போல் கொஞ்சமாக வாங்குகிறவள் வாசலுக்கு வருவதற்குள் பாதி இறக்கம் காணாமல் போய்விடுகிறது.

நாம் சேர்ந்து தொடங்கிய பட்டறையை விட்டு, நிச்சயமான சம்பளம் என்று நீ போனபோது நான் முகம் கொடுத்துக்கூடப் பேசவில்லை. இப்போது பார், செல் விற்கிற சீனாவில், செல் கம்பெனியிலேயே எனக்கு ஓர் ஆள். நல்ல செல், நல்ல விலை. உன்னால் முடியுமா?

பாசத்துடன்,
யுவராணி


ஷென்ஜென்,
13 ஜூன் 2025

என் யுவாவுக்கு,

உன் கடிதத்தை மெட்ரோவில் நின்றுகொண்டே படித்தேன். இறங்க வேண்டிய ஸ்டேஷன் போய்விட்டது. மோர்க்குழம்பு என்ற வார்த்தையை இனி எழுதாதே, கொடுமை. இங்கே எல்லாம் கிடைக்கிறது, புளிப்பில் மட்டும் ஒரு குறை.

முப்பது கார்! நம் முதல் ஆட்டோ பேட்டரிக்குப் பட்டறை வாசலில் தேங்காய் உடைத்தவர்கள் நாம். எவ்வளவு தூரம் வந்துவிட்டாய்! பெருமையாக இருக்கிறது. அதை முதலில் எழுதிவிடுகிறேன், பிறகு மறந்துவிடுவேன்.

எங்கள் கம்பெனியிடம் ஒரு லாட் இருக்கிறது. முதல் தரம், புது செல். வேறொரு பெரிய ஆர்டருக்கு எடுத்து வைத்தது, அவர்கள் பின்வாங்கிவிட்டார்கள். அதனால் சந்தை விலையில் ஏறக்குறைய பாதி. உன் பரந்தாமன் கேட்ட விலைக்கே கொடுத்துவிட்டு, உனக்கும் கையில் நிற்கும். இந்தியப் பக்கம் விற்பனை இப்போது என் பொறுப்பு, இந்த லாட்டைத் தள்ளினால் எனக்கும் பெயர். தரத்துக்கு நானே கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். முதலில் ஒரு காருக்கு மட்டும் அனுப்புகிறேன். பார்த்துவிட்டு மீதிக்குச் சொல்.

அம்மாவிடம் ஞாயிற்றுக்கிழமை நிதானமாகப் பேசுகிறேன் என்று சொல். சத்தியமாக.

உன்,
தேவி


அம்பத்தூர்,
11 ஜூலை 2025

அன்புள்ள தேவி,

பெட்டி பத்திரமாக வந்தது. பிரித்தபோது எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். நீல உறை பளபளவென்று, ஒரு கீறல் இல்லை.

லோகேஷை உனக்குத் தெரியாது. நீ போன பிறகு சேர்ந்தவர், நம் சோதனை மேஜை இப்போது அவர் கையில். செல்களில் சார்ஜ் ஏற்றி இறக்கிப் பார்த்தார். முதல் சுற்றில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டாம் வாரம் வேகமாகச் சார்ஜ் ஏற்றத் தொடங்கியதும் சில செல்கள் மட்டும் தனியாகச் சூடாயின. செல்லுக்குள் மின்சாரத்துக்கு இருக்கும் தடையும் ஒவ்வொன்றில் ஒரு கணக்கு. ஒரே நாளில் ஒரே இயந்திரத்தில் பிறந்தவை இப்படி இருக்காது, தேவி. இவை ஊருக்கு ஒன்றாக வந்து கல்யாண மண்டபத்தில் கூடின கூட்டம் மாதிரி இருக்கின்றன.

ஒன்றின் உறையை உரித்தோம். உள்ளே இன்னோர் உறையின் பசை. முனையில் பழைய வெல்டிங் தடத்தை உரசி மழித்து, மேலே மெருகு போட்டிருக்கிறார்கள். ஏதோ பஸ்ஸிலோ காரிலோ உழைத்து ஓய்ந்த செல். அதற்குப் புதுச் சட்டை. போட்டோக்கள் இணைத்திருக்கிறேன்.

உனக்குத் தெரிந்து அனுப்பியிருப்பாய் என்று ஒரு கணம்கூட நினைக்கவில்லை. ஆனால் நான் இதை வாங்க மாட்டேன். இதைப் போட்டாலும் கார் ஓடும், பரந்தாமன் பணம் கொடுத்துவிடுவார். அதற்குப் பிறகு ஏதோ ஒரு நாள் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு செல் கொதித்துத் தீப்பிடித்தால்? ஷிப்ட் முடிந்த பெண்கள் பின் சீட்டில் தூங்கிக்கொண்டு போகிற வண்டிகள் அவை.

ஆர்டர் போனால் போகட்டும். நீ அந்த லாட்டைத் திறந்து பார். வேறு யாருக்கும் போவதற்கு முன் பார்.

யுவராணி


ஷென்ஜென்,
12 ஜூலை 2025

யுவராணிக்கு,

போட்டோக்களை மேலாளரிடம் காட்டினேன். போக்குவரத்தில் உரசியிருக்கும், உன் மேஜையில் சோதனை சரியில்லை என்கிறார். அங்கே இருப்பது ஒரே ஒரு சோதனை மேஜை, அதுவும் நாம் இருவரும் சேர்ந்து செகண்ட் ஹேண்டில் வாங்கியது. அதை வைத்துக்கொண்டு ஒரு கம்பெனியையே திருட்டுக் கூட்டம் என்கிறாய்.

நான் கையெழுத்துப் போட்டேன். அதற்கு உன்னிடம் என்ன மதிப்பு? உன் ஆர்டரை நம்பி நான் இங்கே வாக்குக் கொடுத்துவிட்டேன். வேலை போனால் விசாவும் போகும். அது உனக்குத் தெரியாதா? நீ எப்போதும் இப்படித்தான். நீ சரியாக இருப்பதுதான் முக்கியம், பக்கத்தில் நிற்பவள் விழுந்தால் பரவாயில்லை.

காருக்கு வேண்டாம் என்றால் இன்வெர்டருக்குப் போட்டு விற்றுக்கொள். திருப்பி மட்டும் அனுப்பாதே.

தேவிப்பிரியா


அம்பத்தூர்,
4 ஆகஸ்ட் 2025

அன்புள்ள தேவி,

உன் கடிதத்துக்குப் பதில் எழுதி எழுதி அழித்துவிட்டேன். சண்டை போட்டால் நன்றாகத்தான் போடுவேன். அது வேண்டாம். செல்களைத் திருப்பி அனுப்பிவிட்டேன், இன்வெர்டரும் யாரோ ஒருவர் வீட்டுக்குள்தான் இருக்கும். இங்கே நடந்ததை மட்டும் சொல்கிறேன். சொல்ல எனக்கு உன்னைத் தவிர ஆள் இல்லை.

பரந்தாமனிடம் போய் உண்மையைச் சொன்னேன். நல்ல செல் வாங்கினால் நீங்கள் சொன்ன விலைக்கு வராது என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, "நைனா காலத்துலேர்ந்து பாத்துகினு கீறேன். முடியாதுன்னு சொல்ல இவ்ளோ தூரம் வந்த மொத ஆளு நீதாம்மா," என்றார். பாராட்டா திட்டா என்று புரியாமல் ஷெட்டில் நின்றேன்.

அப்போதுதான் சுற்றிப் பார்த்தேன். நல்ல பகல். முப்பது காரில் முக்கால்வாசி அங்கேயே நின்றுகொண்டிருந்தது. டிரைவர்கள் வேப்பமரத்தடியில் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள்.

"ஏன் சார், வண்டிங்க எல்லாம் நிக்குது?"

"காலையில ஷிப்டுக்கு உட்டுட்டு வந்தா, சாயங்காலம் கூப்பிடத்தான் போவும். நடுவுல இன்னா வேல?"

மறுநாளிலிருந்து அந்த வண்டிகளில் நானும் ஏறிக்கொண்டேன். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், இந்தப் பக்கம் நம் அம்பத்தூர் எஸ்டேட். எந்த வண்டியும் ஒரே மூச்சில் ஓடுகிற தூரம், அந்த பேட்டரி புதிதில் தாங்கியதில் பாதிகூட இல்லை. கார் கம்பெனி அதைத் திருப்பதிக்கும் பெங்களூருக்கும் போகிற குடும்பத்துக்காகச் செய்தது. பரந்தாமன் வண்டி பூந்தமல்லியைச் சுற்றியே வருகிறது, பகலெல்லாம் பிளக் பாயிண்டுக்குப் பக்கத்திலேயே நிற்கிறது.

ஒரு செல்லின் விலையை எப்படிக் குறைப்பது என்றே நாம் முட்டிக்கொண்டிருந்தோமே, தேவி! எவ்வளவு செல் வேண்டும் என்று யாருமே கேட்கவில்லை. எண்ணிக்கையைக் குறைத்தால் வோல்டேஜ் போதாது. அதனால் அதே எண்ணிக்கையில், இந்தத் தூரத்துக்குப் போதுமான சின்ன செல், ஆனால் கடைந்தெடுத்த முதல் தரம், நேராகத் தயாரிப்பாளரிடமிருந்து. இழுவை போதுமா என்று ஒரு பயம் இருந்தது. ஒரு காரில் பூட்டி, ஆளை நிறைய ஏற்றி, ஏசி போட்டு, ஆவடி மேம்பாலத்தில் நிறுத்தி நிறுத்தி ஏற்றினேன். எடை குறைந்ததால் முன்பைவிட லேசாக ஏறியது. செல்லும் அதிகம் சூடாகவில்லை.

பரந்தாமன் பெட்டியைத் திறந்து பார்த்தார். "இன்னாம்மா, பாதி காலியா கீது? ஏமாத்துறியா?"

"நீங்க ஓடாத கிலோமீட்டருக்கு ஏன் சார் காசு குடுக்கணும்?"

சிரித்துவிட்டார். அவர் சொன்ன விலைக்கும் கொஞ்சம் கீழேயே வந்திருக்கிறது. முப்பது காருக்கும் கையெழுத்தாகிவிட்டது. சான்றிதழ் சோதனைக்கு முதல் பேட்டரி போயிருக்கிறது. பாஸாகும். எனக்குச் சந்தேகமே இல்லை.

இதையெல்லாம் யாரிடமாவது கத்திச் சொல்ல வேண்டும் போல் இருந்தது. லோகேஷ் நல்ல பையன்தான், ஆனால் "ஓகே மேடம்" என்கிறார். நீ இருந்திருந்தால் மேஜைமேல் ஏறி நின்றிருப்பாய்.

என்றும் உன்னுடைய,
யுவா


ஷென்ஜென்,
28 ஆகஸ்ட் 2025

யுவா,

நீ எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாரம் எரிச்சலாகவே இருந்தேன். நீ ஜெயித்ததில் இல்லை. நான் அங்கே இல்லாததில்.

நீ திருப்பி அனுப்பிய பெட்டி வந்ததும் அதை வாங்கிக்கொள்ள நானே கிடங்குக்குப் போனேன். வழக்கமாக விற்பனை ஆட்கள் அங்கே போவதில்லை, போகவும் சொல்வதில்லை. ஒரு நீள மேஜை. ஒரு பக்கம் பழைய செல்களைக் குவித்திருந்தார்கள். வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்து முனைகளை உரசிக்கொண்டிருந்தார்கள். அடுத்த பக்கம் நீல உறை. ஒளித்து மறைத்தெல்லாம் இல்லை, பூக்கட்டுவது போல் சகஜமாகச் செய்துகொண்டிருந்தார்கள்.

மேலாளரிடம் கேட்டேன். "இது மலிவு விலைக்கு விற்கும் சரக்கு. மலிவாகக் கேட்பவர்களுக்குத் தெரிந்திருக்கும்," என்றார். நீ வேண்டாம் என்றதும் அதே லாட்டைக் கோயம்புத்தூரில் ஒருவருக்குப் பேசி முடித்திருந்தார்கள். தரச் சான்றில் என் கையெழுத்து.

அந்தக் கோயம்புத்தூர்க்காரரை நானே கூப்பிட்டேன். வாங்காதீர்கள், அந்தக் கையெழுத்து செல்லாது என்றேன். அவர் நம்பவில்லை. உன் போட்டோக்களை அனுப்பினேன், நம்பினார். அன்று சாயங்காலமே என் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு வெளியே அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த மாதம் ஊருக்கு வருகிறேன். இதை வேலை கேட்டு எழுதவில்லை, யுவா. தயவுசெய்து அப்படி எடுத்துக்கொள்ளாதே. உன் மேஜையைப் பற்றி எழுதியதை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

தேவி


அம்பத்தூர்,
30 ஆகஸ்ட் 2025

என் அன்பு தேவிக்கு,

கோயம்புத்தூருக்கு நீ போன் செய்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். வேலையோடு விசாவும் போகும் என்று தெரிந்தே அந்த போனைச் செய்ய எத்தனை பேருக்கு மனம் வரும்?

பேட்டரி சோதனையில் பாஸாகிவிட்டது. பரந்தாமன் தன் மச்சானையும் கூட்டிக்கொண்டு வந்தார், மச்சானுக்குத் திருநின்றவூரில் ஸ்கூல் வேன்கள் இருக்கின்றன. ஒவ்வொரு வண்டியும் எங்கே போகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கூடவே ஏறிப் பார்த்து, அதற்கேற்ற பேட்டரியைச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். பட்டறையையும் இதையும் என் ஒருத்தியால் இழுக்க முடியவில்லை. லோகேஷுக்கு டிரைவர்களோடு பேச வராது. உனக்கு வரும், கல்லையும் பேச வைப்பாய்.

கறாராகவே எழுதிவிடுகிறேன். உன் ஷென்ஜென் சம்பளத்தில் பாதிகூட என்னால் தர முடியாது. செல் யாரிடம் வாங்குவது என்ற முடிவு ஒரு வருஷத்துக்கு என்னுடையது மட்டும், உன் கையெழுத்து அதில் இருக்காது. படிக்கும்போது சுருக்கென்று குத்தும் என்று தெரியும். குத்தினாலும் வருவதானால் வா, பங்குதாரர் பேச்சை அந்த ஒரு வருஷம் கழித்து எடுப்போம். மனம் ஒப்பவில்லை என்றால் வேலைக்கு வராதே, சாப்பிட வா. அதில் ஒரு மாற்றமும் இல்லை.

நீ வேலை கேட்கவில்லை, சரி. நான் ஆள் கேட்கிறேன்.

விமானம் எந்த நாள் என்று எழுது. வேலை போனதையும் நீ வருவதையும் பற்றி உன் அம்மாவிடம் நான் மூச்சு விடவில்லை, அதை நீதான் சொல்ல வேண்டும். இந்த முறை பாதியில் கட் பண்ணாதே.

காத்திருக்கும்,
யுவராணி