கை அளவு தெரியாமல் வாங்கிய வாட்ச்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுற்றுலா முடிந்து நல்லபடியாக வீடு வந்து சேர்ந்துவிட்டோம், கால் வீக்கத்தைத் தவிர ஒரு குறையும் இல்லை. நீயும் உன் வீட்டுக்காரரும் அங்கே சுகமாக இருக்க வேண்டும். உன் கல்யாணத்துக்குப் பிறகு நான் உனக்கு எழுதும் முதல் கடிதம் இது, அதனால் உறையில் என் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறாதே. நல்ல செய்திதான், மூன்று நாளாக எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உன் வீட்டுக்காரருக்கு ஒரு வாட்ச் வாங்கியிருக்கிறேன். கோட்டுப் போட்ட காவலாளி கதவைத் திறந்துவிடுகிற கடையில் வாங்கியது. விலையை எழுதமாட்டேன், உன் அம்மாவுக்கே இன்னும் சரியாகத் தெரியாது. உடனே அப்பா மனம் மாறிவிட்டார் என்று குதிக்காதே. கல்யாணத்தை முடித்துக்கொண்டு ஃபோனில் தகவல் சொன்னீர்களே, அது தப்பு, நாளைக்குக் கேட்டாலும் தப்பு என்றுதான் சொல்வேன். ஆனால் முறைப்படி செய்ய வேண்டியதைச் செய்யாத மனுஷன் என்ற பேர் எனக்கு வேண்டாம்.

கடையில் இருந்த பெண், நீங்கள் வெளிநாட்டுக்காரர், பொருளை இந்த நாட்டை விட்டுக் கொண்டுபோகிறீர்கள், அதனால் இங்கே கட்டுகிற வரியில் பெரும்பகுதியைத் திரும்ப வாங்கலாம் என்று சொல்லி, என் பாஸ்போர்ட்டைப் பார்த்து ஒரு படிவம் போட்டுக் கொடுத்தாள். கூட வந்த ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர், இதெல்லாம் ஆகற காரியமா, தலைவலி சார், விட்டுத்தள்ளுங்க என்றார். நீயும் அம்மாவிடம் ஃபோனில், அப்பா எதையாவது வாங்கிட்டு ஏர்போர்ட்ல ரகளை பண்ணாம பாத்துக்கோம்மா, அந்த வரி எவ்வளவுன்னு சொல்லு, அந்தப் பணத்தை நான் அனுப்பறேன் என்றாயாம். அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. நான் கொடுக்கிற பொருளில் அந்த நாட்டு அரசாங்கமும் பங்கு கேட்க வேண்டாம், நீயும் கேட்க வேண்டாம். லிஃப்டோடு வந்த புத்தகங்களைப் படித்தே இங்கிலீஷும் கற்று லிஃப்டும் பழுதுபார்த்தவன் நான், இந்தப் படிவத்தின் பின்பக்கப் பொடி எழுத்தா எனக்குப் பெரிசு? முழுதும் படித்தேன். பொருளை உபயோகிக்கக் கூடாது, விமான நிலையத்தில் சுங்க அதிகாரி கேட்டால் நேரில் காட்ட வேண்டும், அதற்குப் பிறகுதான் முத்திரை. ஆகவே மேலே ஒட்டியிருந்த கண்ணாடித் தாளைக்கூட உரிக்க விடவில்லை. உன் அம்மாவிடம் எனக்குத்தான் வாங்கினேன் என்று சொல்லி வைத்திருந்தேன், அவளோ போகிற இடமெல்லாம், ஆசைப்பட்டு வாங்கினீங்க, ஒரு தடவை கட்டிக் காட்டுங்களேன், இல்லேன்னா எதுக்கு வாங்கினீங்க என்று நச்சரித்தாள். திரும்புகிற அன்று வாட்ச் பெட்டியைக் கைப்பையில் வைத்து, கைப்பையை மடியில் வைத்து, வண்டியில் தூங்காமல் வந்தேன்.

விமான நிலையத்தில் பெரிய பெட்டிகளை எடை போட்டு அனுப்பிவிட்டு நேரே சுங்க மேசைக்குப் போனேன். என் வயது இருக்கும் ஒரு அம்மாள், மூக்கு நுனியில் கண்ணாடி. படிவத்தைப் பார்த்தாள், பொருள் எங்கே என்றாள். நான் கைப்பையைத் திறந்து, வாட்ச் பெட்டியை மேசையில் வைத்து, மூடியைப் பெருமையாகத் தூக்கினேன். உள்ளே என் பிரஷர் மாத்திரை, உன் அம்மாவின் மூட்டுவலி மாத்திரை, ஒரு தைலக் குப்பி! எனக்கு வந்த கோபத்துக்குப் பிரஷர் மாத்திரை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது நல்லதாய்ப் போயிற்று. என்னடீ இது என்றேன். உன் அம்மா கொஞ்சமும் அசராமல், திருடன் பெட்டியைத்தானேங்க பாப்பான், சாக்ஸையா பாப்பான், நான் உங்க கம்பளி சாக்ஸுக்குள்ள சுத்தி பெரிய பெட்டியில பத்திரமா வச்சிருக்கேன் என்றாள். மாத்திரை நசுங்காமல் இருக்க இந்தப் பெட்டி வசதியாக இருந்ததாம்! பெரிய பெட்டியோ உருளைப் பட்டையில் ஏறி உள்ளே போய்விட்டது. பேங்க் மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டார். எங்களைக் கூட்டிப்போன சுற்றுலாக்காரத் தம்பி, சார், கேட்டை மூடிடுவாங்க சார், இதுக்காகப் பிளேனை விடுவீங்களா என்று கெஞ்சினான். விடுவேன், நீங்க ஏறுங்க என்றேன். பெரிய பெட்டியை எடை போட்டு வாங்கிக்கொண்ட கவுன்டரில் போய் நின்றேன், நகரவில்லை. என் இங்கிலீஷில் என் நியாயத்தைச் சொன்னேன், மறுபடி சொன்னேன், பின்னால் வரிசை முணுமுணுத்தது, மறுபடியும் சொன்னேன். கடைசியில் அங்கிருந்த பெண் யாருக்கோ ஃபோன் போட, பெட்டி வெளியே வந்தது. அங்கேயே தரையில் திறந்து போட்டு, உள்பனியன் முதற்கொண்டு ஊர் பார்க்க, சாக்ஸைக் கண்டுபிடித்து ஓடினேன். இந்தக் காலோடு ஓடினேன் என்றால் நம்பு.

அதிகாரி அம்மாள் சாக்ஸுக்குள்ளிருந்து வாட்சை உருவினாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு புரட்டிப் பார்த்தாள், பட்டையின் கண்ணி ஒன்றுகூடக் கழற்றாமல் இருப்பதைக் கவனித்து, உங்கள் கைக்கு இது பெரிது, உங்களுக்கா வேறு யாருக்கா என்று கேட்டாள். அவசரத்தில் இங்கிலீஷ் ஓடிவிட்டது, என் மருமகனுக்கு என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். சுற்றுலாக்காரத் தம்பி அதை மொழிபெயர்த்தான். அந்த அம்மாள் டக்கென்று முத்திரை குத்தினாள். திரும்பினால் உன் அம்மா வெறும் சாக்ஸைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், கண்ணெல்லாம் தண்ணீர். இத்தனை வருஷம் அந்தப் பையன், அந்தப் பையன் என்று நான் சொல்லிக் கேட்டவள். எதுக்குடீ அழறே, பிளேனுக்கு நேரமாச்சு என்றேன். நீங்க பேசாதீங்க என்று சொல்லிவிட்டு, விமானம் முழுக்க அவள்தான் பேசினாள்.

ஆம், விமானத்தைப் பிடித்துவிட்டோம். நேற்று வரிப் பணமும் வந்து சேர்ந்தது, பேங்க் மேனேஜருக்கு ஃபோன் போட்டுச் சொல்லிவிட்டேன். இங்கே இறங்கியதும் சுங்கத்தில் நானாகவே சொல்லி, கட்ட வேண்டிய வரியையும் கட்டிவிட்டேன், எனக்கு வர வேண்டியதையும் விடமாட்டேன், நான் தர வேண்டியதையும் வைத்துக்கொள்ளமாட்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கடையில் அந்தப் பெண், கை அளவு சொல்லுங்கள், கண்ணியைக் கழற்றிச் சரிசெய்து தருகிறேன் என்று கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கையை நான் தொட்டதே இல்லையே. அப்படியே முழுசாகக் கொடுங்கள் என்று வாங்கி வந்தேன். தபாலில் அனுப்பமாட்டேன், அளவை எழுதி அனுப்பினாலும் வாங்கிக்கொள்ளமாட்டேன். கை நேரில் வர வேண்டும். நம் தெருமுனை வாட்ச் கடைக்காரரிடம் சொல்லிவிட்டேன், ஒரு டீ குடிக்கிற நேரத்தில் கண்ணியைக் கழற்றித் தருவாராம். நானும் கூட வருவேன், அவர் கழற்றுகிறவரை கையைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டாமா?

நீங்கள் இருவரும் நோய் நொடியில்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும். டிக்கெட் போட்டதும் அம்மாவின் ஃபோனுக்குக் கூப்பிடாதே, என் ஃபோனுக்குக் கூப்பிடு. மருமகனை முதலில் பேசச் சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா