மருதங்கீரன் தண்ட ஓலையில் விடுபட்ட மூன்றாம் கைச்சாத்து

நன்மை நிலைக்க. வேங்கைப்பூ பொறித்த கொடி உடையவரும், மூன்று ஆறுகளுக்கும் அவை பிறக்கும் குன்றுகளுக்கும் உரியவருமான வேங்கைநாட்டு மன்னர் திருமுடிக் கடம்பரின் ஆணையைத் தலைமேல் தாங்கி, அவர்தம் பேரமைச்சன் பூதங்குடி அரையன், தென்வாயிற் கோட்டைத் தலைவர் மழவராயருக்கு விடுக்கும் ஓலை. உமது மதில் உறுதியுடன் நிற்க. உமது குதிரைகள் நோயின்றி வாழ்க. உமது பொறுமையும் சற்றே வளர்க, ஏனெனில் ஒரே திங்களில் நான்கு ஓலைகள் விடுத்து என் உயிரை வாங்கிவிட்டீர்.

முதல் ஓலையிலிருந்தே நீர் கேட்பது ஒன்று. கதவு அடைக்குமுன் காவலை விட்டு அகன்றான் என்று நீர் பிடித்தனுப்பிய வாயிற்காவலன் மருதங்கீரனின் தலையைக் கொய்யும் ஆணை இன்னும் ஏன் வரவில்லை என்பது. அவன் தன் குற்றத்தைத் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டான் என்று எழுதியனுப்பிய பிறகும் அரண்மனை ஓலைமண்டபத்தார் உறங்குகின்றனரோ என்று வேறு கேட்டிருந்தீர். இங்கே யாரும் உறங்கவில்லை ஐயா. உறங்கியிருந்தால் என் தலைவலியாவது குறைந்திருக்கும்.

கொலைத்தண்டம் விதிக்கும் ஓலையில் மண்டபத்தார் மூவர் "கண்டேன்" என்று கைச்சாத்திட வேண்டும் என்பது நாட்டு வழக்கம். குற்றவாளி ஒப்புக்கொண்டதை நேரில் கண்டேன் என்று அதற்குப் பொருள். முன்னோர் மெய்யாகவே சிறைக்குப் போய்க் கண்டிருக்கலாம். நான் மண்டபத்துக்கு வந்த முப்பத்தோராண்டில் ஒருவரும் போனதில்லை. உண்டு முடித்து, வெற்றிலை போட்டு, ஓலையை வரிசையாகக் கைமாற்றிச் சாத்திடுவோம். மருதங்கீரன் ஓலையிலும் முதற் சாத்து என்னுடையது, இரண்டாவது கணபதிப் பல்லவரையருடையது. மூன்றாவது இருக்கைக்கு இவ்வாண்டு உயர்த்தப்பட்டவள் சாத்தன் மகள் எயினி. அவளிடம் போய் ஓலை நின்றது. அன்று நின்றதுதான்.

தான் காணவில்லை என்றாள். காணாததைக் கண்டதாக எழுத இயலாது என்றாள். அவ்வளவே! ஊரைக் கூட்டவில்லை, எங்களைப் பொய்யர் என்று பழிக்கவுமில்லை. முரட்டுப் பெண்ணாய் இருந்திருந்தால் அன்றே விரட்டியிருப்பேன். இவளோ மற்ற எதிலும் குறை வைக்காதவள். காலை வாழ்த்துக்கு முதல் ஆளாய் வந்து நிற்கிறாள். மண்டபத்தார் அணியும் அந்த அரிக்கும் மேலாடையை முணுமுணுக்காமல் அணிகிறாள். நான் நுழைந்தால் எழுகிறாள். இருவர் எழுதுவதை ஒருத்தியாய் எழுதுகிறாள். இந்த ஒரு சொல்லை மட்டும் எழுத மாட்டாளாம். இப்படிப்பட்டவளை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது, நீரே சொல்லும்.

நயமாய்ச் சொல்லிப் பார்த்தேன். இது வெறும் வழக்கச் சொல், இதற்கெல்லாம் யாரும் பொருள் பார்ப்பதில்லை என்றேன். ஒரு மனிதனின் தலை போகும் இடத்திலாவது பார்க்கலாமே என்றாள். யானைக் கொட்டிலுக்கு மாற்றிவிடுவேன் என்றேன். உடனே பாயைச் சுருட்டத் தொடங்கினாள், நான்தான் அமரச் சொல்ல வேண்டியதாயிற்று. சாத்திட மறுப்போரின் எழுத்தாணியைச் சபையில் முறித்து, பின் எந்நாளும் எழுதாதபடி விலக்கும் வழக்கத்தை நினைவூட்டினேன். முகம் வெளுத்துவிட்டது, ஆனாலும் அசையவில்லை. அன்றிலிருந்து பல்லவரையர் அவளுக்கு வெற்றிலைத் தட்டை நீட்டுவதில்லை. மற்றவர்கள் தத்தம் பாய்களைத் தள்ளிப் போட்டுக்கொண்டனர். ஒருநாள் கண்ணீர் வழிய அமர்ந்திருந்தாள், அப்போதும் கை நிற்காமல் அடுத்த ஓலையை எழுதிக்கொண்டிருந்தது. பார்த்த எனக்கு எரிச்சலும் வெட்கமும் சேர்ந்தே வந்தன.

அந்நேரம் பார்த்து உமது நான்காம் ஓலையும் வந்தது, அவள் மறுத்ததை யார் வாயிலாகவோ அறிந்து, அவள் எழுத்தாணியை முறிக்கச் சொல்லி. போதும் போதும் என்றாகிவிட்டது எனக்கு. காண வேண்டும், அவ்வளவுதானே, வா காட்டுகிறேன் என்று அவளை அழைத்துக்கொண்டு நேற்று நண்பகலில் சிறைக்கு நடந்தேன். மண்டபத்திலிருந்து நூறடிகூட இராது. மருதங்கீரனை வரவழைத்து, செய்த குற்றத்தை இவள் கேட்கும்படி மறுபடி சொல் என்றேன். அவன் என் முகத்தையே பார்த்தான். அதட்டினேன். வாயைத் திறந்து காட்டி, கையை விரித்தான். சிறைக்காவலனுக்கு என்னைப் பார்க்கவே பரிதாபமாகிவிட்டது போலும்.

"சாமி, இவன் பொறவி ஊமையாச்சுங்களே. உங்களுக்குத் தெரியாதுங்களா?" என்றான்.

மழவராயரே, தெரியாது. ஆனால் அவன் தன் வாயால் சொன்னதைக் கண்டேன் என்று சாத்திட்டிருக்கிறேன். உமக்குமா தெரியாது? ஒன்பது ஆண்டு உமது வாயிலில் நின்றவன் ஐயா அவன்! உமது எழுத்தர் பழைய ஓலையைப் பார்த்துப் பெயரை மட்டும் மாற்றி எழுதியிருப்பார். நீர் படியாமல் முத்திரையிட்டீர். நான் பாராமல் சாத்திட்டேன். மூவரும் வழக்கம் வழுவாமல் வேலை செய்தோம். அவன் குற்றவாளியோ அல்லனோ, எனக்கு இன்றும் தெரியாது. அவனை யாரும் இதுவரை கேட்டதேயில்லை. முப்பத்தோராண்டில் நான் கண்டேன் என்று அனுப்பிய தலைகளை எண்ணத் தொடங்கினேன். எண்ணி முடிக்க நெஞ்சில் துணிவில்லை.

ஆகவே ஆணையாவது: மருதங்கீரன் மேலுள்ள தண்டம் நிறுத்தப்பட்டது. இவ்வோலை கண்ட பத்தாம் நாளுக்குள், அவன் ஒப்புக்கொண்டதைக் கேட்டதாகச் சொல்லும் அத்தனை பேரோடும், அவன் சைகை அறிந்த ஒருவரோடும் நீரே நேரில் வந்து நிற்க வேண்டும். எயினியின் எழுத்தாணியை ஒருவரும் தொடலாகாது. காணாமல் சாத்திடுவோருக்கு என்ன தண்டம் என்று வழக்கத்தில் ஏதுமில்லையாதலால், ஒன்று விதிக்கும்படியும், அதை என்னிடமிருந்தே தொடங்கும்படியும் மன்னரிடம் வேண்டியுள்ளேன். உம்மைப் பற்றியும் சொல்லாமல் விடவில்லை.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதுபவளும் அவளே. சிறையில் தன் பக்கம் உண்மை என்று கண்டு அவள் மகிழ்ந்தாள் என்று ஒரு வரி சொன்னேன். தான் மகிழவில்லை, நடுங்கியதாகச் சொல்லி அதை எழுத மறுத்துவிட்டாள். அந்த வரியை விட்டுவிட்டோம்.

வேங்கை இலச்சினை இட்டு, மன்னர் பெயரால் விடுத்தது. இதற்கு மாறு செய்வோர் மன்னர் முகத்தில் விழிக்கக் கடவரல்லர்.

பேரமைச்சன் பூதங்குடி அரையன்.

அமைச்சர் சொன்னதைக் கேட்டு எழுதினேன். சிறையில் நடந்ததைக் கண்டேன். தென்வாயிலில் நடந்ததைக் காணவில்லை. சாத்தன் எயினி.